டேண்டம் சைக்கிளின் டிரம் பிரேக் பின்சக்கரம்: கழற்றுவதும் திரும்ப மாட்டுவதும்

டேண்டம், அதாவது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள், ஓட்டுகிறவர்களுக்கு முன்சக்கரம் பஞ்சரானால் பெரிய கவலை இருக்காது. பத்து நிமிட வேலை என்று இறங்கிவிடுவார்கள். பின்சக்கரம் பஞ்சராகி, அதில் டிரம் பிரேக்கும் இருந்துவிட்டால்தான் முகம் மாறும். நட்டு இரண்டையும் லூஸ் பண்ணியாயிற்று, சக்கரம் மட்டும் வெளியே வர மறுக்கிறது. இடது பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு கேபிளும் ஓர் இரும்புப் பட்டையும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த இரண்டையும் விடுவிக்கத் தெரிந்துவிட்டால் சாதாரண சைக்கிளைவிட ஐந்து நிமிடம்தான் கூடுதலாக ஆகும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை திரும்ப மாட்டும் நேரத்தைப் பற்றியது. அந்தப் பட்டையைச் சரியாகப் பூட்டாமல் கிளம்பினால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. அதனால் மாட்டும் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்களும் அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

முதலில் அந்த பிரேக்கைப் புரிந்துகொள்வோம்

டேண்டத்தில் இரண்டு பேர் ஏறுகிறார்கள், ஆனால் ரிம் இரண்டுதான். ஆட்களும் சைக்கிளும் மூட்டையும் சேர்ந்து 170 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது சுமார் 8.3 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது போய்த் தீர வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு ஆற்றல் போதும். அதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக மாறும். ரிம்மைக் கட்டைகளால் பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக் மட்டும் இருந்தால் அந்தச் சூடு ரிம்முக்குப் போய், உள்ளே காற்றின் அழுத்தம் ஏறி, டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கவோ டியூப் வெடிக்கவோ கூடும். அதைத் தவிர்க்கத்தான் பல டேண்டங்களில் பின்சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றியிருக்கும் ஹப்பின் இடது பக்கம் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் வைக்கிறார்கள். நீண்ட இறக்கத்தில் அதை லேசாகப் பிடித்தபடி விட்டுவைத்தால் அது வேகத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும். வண்டியை நிறுத்துவது ரிம் பிரேக்கின் வேலை.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஹப்பின் இடது பக்கத்து மரையில் திருகி ஏற்றும் டிரம். ஜப்பானின் அராய் டிரம் இந்த வகை, டேண்டம் உலகத்தில் மிகவும் பெயர் பெற்றது. இப்போது அதைத் தயாரிப்பதில்லை, ஆனாலும் ஏராளமான வண்டிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, ஸ்டர்மி ஆர்ச்சர் செய்வதைப் போல ஹப்போடு சேர்ந்தே வரும் டிரம். சக்கரத்தைக் கழற்றும் முறை இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

பாகங்களையும் சொல்லிவிடுகிறேன். வெளியே தெரியும் வட்டமான டிரம் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். அதன் வாயை மூடியிருக்கும் மூடித்தட்டு சுற்றாது. அந்தத் தட்டின் உள்பக்கம் இரண்டு பிரேக் ஷூ உட்கார்ந்திருக்கும், வெளியே ஒரு சின்ன நெம்புகோல் நீட்டிக்கொண்டிருக்கும். கேபிள் இழுத்தால் நெம்புகோல் திரும்பும், உள்ளே ஷூக்கள் விரிந்து டிரம்மின் உள்சுவரில் உரசும்.

உரசியதும் சுற்றுகிற டிரம் மூடித்தட்டையும் தன்னோடு இழுத்துச் சுற்றப் பார்க்கும். அதைச் சுற்றவிடாமல் பிடிப்பதுதான் நான் சொன்ன இரும்புப் பட்டை. டார்க் ஆர்ம் என்பார்கள். மூடித்தட்டிலிருந்து கிளம்பி, பெடல் அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் நடுவே ஓடும் கீழ்க்குழாயில் ஒரு கிளிப்போடு பூட்டியிருக்கும். பிரேக் பிடிக்கும் போதெல்லாம் அதன் முன்முனை கீழ்நோக்கி அழுத்தும். அந்த அழுத்தம் லேசுப்பட்டது அல்ல. டயர் தரையைப் பிடித்து 20 கிலோ விசையில் வண்டியைத் தடுக்கிறது என்று வைப்போம். அச்சிலிருந்து டயர் விளிம்பு 34 செ.மீ., கிளிப் 17 செ.மீ. தூரத்தில் இருந்தால், அந்தச் சின்ன கிளிப் தாங்குவது 40 கிலோ. இடையில் இருப்பது ஒரே ஒரு போல்ட்.

கழற்றத்தான் வேண்டுமா?

பஞ்சர் மட்டும்தான் என்றால் இதை முதலில் யோசியுங்கள். முள்ளோ ஆணியோ குத்திய இடம் கண்ணுக்குத் தெரிந்தால் சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும். டயரின் ஒரு பக்க விளிம்பை அந்த இடத்தில் மட்டும் டயர் லீவரால் நெம்பி, டியூபில் ஒரு முழம் வெளியே இழுத்து, துடைத்து, ஒட்டுப் போட்டு, உள்ளே தள்ளிவிடலாம். இதை இடது பக்கமாகச் செய்யுங்கள், செயின் குறுக்கே வராது. டிரம் ஹப்பை ஒட்டி இருப்பதால் ரிம் அருகே அது தொந்தரவு செய்யாது. குத்தியதைத் தேடி எடுக்காமல் டியூபை மட்டும் ஒட்டிவிட்டுக் கிளம்பினால் அடுத்த மைலில் மறுபடி இறங்க வேண்டியிருக்கும். அதனால் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

டியூபே மாற்ற வேண்டும், டயர் கிழிந்திருக்கிறது, வலது பக்கம் ஸ்போக் முறிந்திருக்கிறது என்றால் வேறு வழியில்லை, சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

அச்சு நட்டுக்கு ஸ்பேனர், பெரும்பாலும் 15 மிமீ. கையாலேயே திறக்கும் குயிக் ரிலீஸ் இருந்தால் அது தேவைப்படாது. டார்க் ஆர்ம் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனரும் அலன் கீயும் வேண்டும். பல வண்டிகளில் ஒரு பக்கம் போல்ட் தலையையும் மறுபக்கம் நட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டியிருக்கும், அதனால் இரண்டும் தேவை. ஒரு குறடு, கொஞ்சம் டேப், ஒரு ரப்பர் பேண்டு, துணி. இவற்றோடு டார்க் ஆர்முக்கு அதே அளவில் ஓர் உபரி போல்ட்டும் நைலான் வளையம் வைத்த லாக் நட்டும். இவை இரண்டையும் டேப் சுற்றி சீட்டுக்கு அடியில் ஒட்டிவைத்துவிடுங்கள். சாலையோரப் புல்லில் விழுந்த ஒரு நட்டைத் தேடி அரை மணி நேரம் செலவிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் தடவை இந்த வேலையை வீட்டில், வெளிச்சத்தில், அவசரம் இல்லாத ஒரு நாளில் செய்து பாருங்கள். எந்த ஸ்பேனர் எங்கே பொருந்துகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். ஒவ்வொரு வண்டியிலும் இந்த இணைப்புகள் கொஞ்சம் வேறுபடும், உங்கள் வண்டியை உங்கள் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வண்டியை எப்படி நிறுத்துவது

இரண்டு பேர் இருந்தால் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டியதே இல்லை. முன்பிரேக் லீவரை இழுத்துப் பிடித்து ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள், வண்டி உருளாது. ஒருவர் பின் சீட்டைப் பிடித்து நிற்க, மற்றவர் வேலையைச் செய்யலாம். சக்கரம் வெளியே வரும் அந்த அரை நிமிடம் மட்டும் பின்பகுதியைத் தூக்கிப் பிடித்தால் போதும்.

தனியாளாக இருந்தால் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும். பையையும் தண்ணீர் பாட்டிலையும் முதலில் இறக்குங்கள். ஹேண்டில்பாரில் விளக்கு, கணினி எது இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஹேண்டில்பாருக்கும் சீட்டுகளுக்கும் அடியில் துணி விரித்து, நெடுக்காகப் படுத்திருக்கும் ஆளைத் திருப்புவதுபோல் பக்கவாட்டில் சாய்த்து மெதுவாகத் திருப்புங்கள். வலது பக்கம் தரையில் படும்படி மட்டும் கிடத்தவே வேண்டாம். கியர் மாற்றி வளைந்துவிடும்.

முன் பெடலையும் பின் பெடலையும் இணைக்கும் செயின் வண்டியின் நடுவில் இருக்கிறது. பெரும்பாலும் இடது பக்கம் ஓடும். பின்சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதைத் தொடாதீர்கள்.

கழற்றும் முறை

இறக்கம் முடிந்த கையோடு பஞ்சரானால் டிரம்மை உடனே தொடாதீர்கள். தோல் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சுட்டிருக்கலாம். விரல் நுனியால் ஒரு துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சீறினால் இன்னும் நேரம் இருக்கிறது. ஆற வைக்கிறேன் என்று பாட்டிலைக் கவிழ்த்துவிடாதீர்கள், சூடான உலோகத்துக்குத் திடீர்க் குளிர்ச்சி நல்லதல்ல. காத்திருக்கும் நேரத்தில் கருவிகளை எடுத்து வரிசையாக வையுங்கள்.

முதல் வேலை கியர். பின்னால் இருக்கும் மிகச் சின்னப் பல்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும் சின்னதுக்கும் செயினைக் கொண்டுவாருங்கள். வண்டி நின்ற பிறகுதான் இது நினைவுக்கு வந்தது என்றால் பின்பகுதியைத் தூக்கி, கையால் பெடலைச் சுற்றி மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ரிம் பிரேக். டிரம் கவனத்தில் இதை மறந்துவிட்டு, சக்கரத்தை இழுக்கும்போது டயர் பிரேக் கட்டைக்கு நடுவே சிக்கி நிற்பது வழக்கமாக நடப்பது. கட்டை இரண்டையும் கையால் ரிம்மோடு சேர்த்து அழுத்தி, கேபிளை அதன் கொக்கியிலிருந்து விடுவியுங்கள். ரிம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் இருந்தால், சக்கரம் வெளியே இருக்கும்போது அதன் லீவரை யாரும் அழுத்தக் கூடாது என்று மற்றவரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, டிரம் கேபிள். முதலில் மேலே அதன் லீவரை முழுவதும் தளர்த்துங்கள். டேண்டத்தில் டிரம் பிரேக்கை இயக்குவது பல நேரம் சாதாரண பிரேக் லீவர் கிடையாது, இழுத்த இடத்திலேயே நிற்கும் கியர் லீவர் போன்ற ஒன்றாக இருக்கும். பின்னால் இருப்பவர் பக்கத்தில்கூட இருக்கலாம். அது பாதியில் நின்றிருந்தால் கேபிள் இறுக்கமாகவே இருக்கும். பிறகு கேபிளின் இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டர் திருகை உள்ளே திருகி இன்னும் தளர்வு கொடுங்கள். எத்தனை சுற்று என்று எண்ணி நினைவில் வைத்துக்கொண்டால், திரும்ப மாட்டும்போது அதே இடத்துக்கு வந்துவிடலாம்.

இப்போது ஒரு கையால் டிரம்மின் நெம்புகோலை, கேபிள் அதை எந்தப் பக்கம் இழுக்குமோ அந்தப் பக்கமே தள்ளிப் பிடியுங்கள். கேபிள் தொய்ந்துவிடும். கேபிளின் வெளிக்குழல் வந்து முட்டி நிற்கும் தாங்கியைப் பாருங்கள். அதில் நீளவாக்கில் ஒரு கீற்று வெட்டியிருந்தால், குழலைப் பின்னுக்கு இழுத்து உள்கம்பியைக் கீற்று வழியாக வெளியே எடுத்துவிடலாம். கம்பியின் முனை நெம்புகோலிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். இதுதான் நல்ல வழி. கம்பியை நெம்புகோலில் பிடித்திருக்கும் சின்ன போல்ட்டில் கை வைக்கவே தேவையில்லை.

கீற்று இல்லாவிட்டால் அந்தப் போல்ட்டைத் தளர்த்தத்தான் வேண்டும். அதற்கு முன் கம்பி போல்ட்டைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் ஒட்டினாற்போல் ஒரு துண்டு டேப் சுற்றுங்கள். அந்த அடையாளம் இல்லாமல் திரும்ப அதே நீளத்தைப் பிடிப்பது சிரமம். கம்பி முனையில் இருக்கும் தொப்பியும் விழுந்துவிடக் கூடாது. ஒருமுறை இழை பிரிந்துவிட்டால் அந்தக் கம்பி மறுபடி ஓட்டைக்குள் ஒழுங்காக நுழையாது, பிரிந்த இழை விரலிலும் ஏறும். நெம்புகோலில் குறுக்காக ஒரு பின் செருகிப் பிடிக்கும் அமைப்பாக இருந்தால் வேலை இன்னும் சுலபம், பின்னை உருவினால் போதும். உருவிய அந்தப் பின்னை நேராகச் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள்.

நான்காவது, டார்க் ஆர்ம். கீழ்க்குழாயில் இருக்கும் கிளிப்பின் போல்ட்டை முழுவதுமாகக் கழற்றுங்கள். கிளிப் குழாயிலேயே நிற்கட்டும். சில வண்டிகளில் கிளிப் இருக்காது, சட்டத்திலேயே ஒரு காது வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். போல்ட், வாஷர், நட்டு எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் திரும்பக் கோத்து, நட்டை இரண்டு சுற்று திருகி வையுங்கள். அல்லது கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, அச்சு. நட்டு வைத்த அச்சானால் ஒரு பக்கத்தையே முழுவதும் கழற்றாமல், இடதும் வலதுமாக மாறி மாறித் தளர்த்துங்கள். மட்கார்டு கம்பியோ கேரியர் காலோ அச்சிலேயே மாட்டியிருந்தால் எது உள்ளே எது வெளியே என்பதையும் படம் எடுத்துக்கொள்வது நல்லது. இடது நட்டுதான் மூடித்தட்டைப் பிடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். சில ஹப்புகளில் தட்டுக்குத் தனி லாக் நட்டு இருக்கும், தட்டு அசையாது. சிலவற்றில் வெளி நட்டு போனதும் தட்டு ஷூக்களோடு நழுவி வரப் பார்க்கும். அப்படியானால் உள்ளங்கையால் தட்டை டிரம்மோடு சேர்த்து அழுத்திப் பிடித்தபடியே சக்கரத்தை எடுங்கள்.

இனி சக்கரத்தை வெளியே எடுக்கலாம். கியர் மாற்றியை ஒரு கையால் பின்னுக்குத் தள்ளுங்கள், செயின் வழிவிடும். வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்றால் மற்றவரைப் பின்பகுதியைத் தூக்கச் சொல்லுங்கள், சக்கரம் கீழே இறங்கும். அச்சு உட்காரும் பிளவு கிடைமட்டமாக வெட்டிய பழைய வண்டியானால் சக்கரத்தை முதலில் முன்னோக்கி நகர்த்த வேண்டும். இறங்கும்போது டார்க் ஆர்ம் சட்டத்தில் இடித்துப் பெயிண்டைக் கீறும். தட்டைக் கொஞ்சம் சுழற்றி ஆர்மைக் குழாயை விட்டு விலக்கிக்கொண்டால் அது நடக்காது. எங்காவது இடிக்கிறது என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். இன்னும் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், முக்கால்வாசி நேரம் அது கேபிள்தான்.

வெளியே வந்த சக்கரத்தை டிரம் மேலே பார்க்கும்படி கிடத்துங்கள்.

சக்கரம் வெளியே இருக்கும்போது

டிரம் திறந்துவிட்டால் உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றடி கருவியும் வேண்டாம். பழைய பிரேக் லைனிங்குகளில், அதாவது ஷூவின் மேல் உரசும் பூச்சில், ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்திருப்பார்கள், அது நுரையீரலுக்குள் போகக் கூடாத பொருள். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூர எறிந்துவிடுங்கள். செயின் தொட்ட கையால் லைனிங்கைத் தொடவும் வேண்டாம். எண்ணெய் ஊறிய லைனிங் பிடிக்காது. உள்சுவரில் கிரீஸ் பளபளத்தால் ஹப் பேரிங்கிலிருந்து அது கசிகிறது என்று பொருள், பயணம் முடிந்ததும் கவனிக்க வேண்டிய வேலை அது.

ஹப்பிலிருந்து டிரம்மையும் கழற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. டியூப் மாற்ற அது தேவையே இல்லை. இடது பக்க ஸ்போக் மாற்றத்தான் சில சமயம் தேவைப்படும். அதைச் சாலையோரத்தில் முயன்று பார்க்காதீர்கள். திருகி ஏற்றும் டிரம்மில் இருப்பது சாதாரண வலது மரை. இடது பக்கமிருந்து பார்த்தால் சக்கரம் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் ஓடுகிறது, பிரேக் அதற்கு எதிராக டிரம்மைக் கடிகாரத் திசையில் இழுக்கிறது. ஆக ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் மரை இன்னும் இறுகுகிறது. பல வருடம் ஓடிய டிரம்மைப் பட்டறையில் நீண்ட கம்பி போட்டுத்தான் அசைக்க முடியும்.

திரும்ப மாட்டும் முறை

செயினின் மேல்பகுதியைச் சின்னப் பல்சக்கரத்தில் படியவைத்து, கியர் மாற்றியைப் பின்னுக்கு இழுத்தபடி அச்சைப் பிளவுக்குள் கொண்டுபோங்கள். அதே நேரம் டார்க் ஆர்ம் கீழ்க்குழாய்ப் பக்கம் நோக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அச்சு உட்கார்ந்த பிறகு தட்டைச் சுழற்றுவது கஷ்டம். இரண்டு நட்டையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள், ஸ்பேனர் இப்போது வேண்டாம்.

அடுத்து டார்க் ஆர்மைக் கிளிப்புக்குள் கொண்டுவந்து போல்ட்டைச் செருகி, நட்டைக் கையால் மட்டும் பிடிப்பு வரும்வரை திருகுங்கள். ஆர்ம் தானாகவே கிளிப்புக்குள் போய் உட்கார வேண்டும். பக்கவாட்டில் வளைத்துப் பிடித்தால்தான் போல்ட் நுழைகிறது என்றால் ஏதோ கோணலாக இருக்கிறது. கிளிப்பைக் குழாயில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்துங்கள், அல்லது வாஷர் ஒன்று இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வளைத்துப் பூட்டிய ஆர்ம் மூடித்தட்டைச் சாய்க்கும், ஷூ ஒரு பக்கம் உரசும், அச்சுக்கும் அது கெடுதல்.

கேபிளை அதன் இடத்தில் மாட்டுங்கள். போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் டேப் அடையாளத்துக்கு வந்ததும் இறுக்குங்கள்.

இப்போது, அச்சை இறுக்கும் முன், சக்கரம் சட்டத்தின் நடுவே நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, டிரம் பிரேக்கை நன்றாக இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தனியாளானால் நிற்கும் லீவர் இருப்பது இங்கே வசதி. ஷூ இரண்டும் டிரம்மின் சுவரில் அழுந்தும்போது மூடித்தட்டு தானே நடுவுக்கு வந்துவிடும். அந்தப் பிடியிலேயே அச்சு நட்டுகளை மாறி மாறி இறுக்குங்கள். டார்க் ஸ்பேனர் இருந்தால் 30 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை. இல்லாவிட்டால் சாதாரண நீளமுள்ள ஸ்பேனரின் நுனியைப் பிடித்துத் திடமாக ஒரு இழுப்பு. இந்த ஒரு பழக்கத்தால் பிரேக் ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் உரசும் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

அச்சு இறுகிய பிறகுதான் டார்க் ஆர்மின் போல்ட். இந்த வரிசையை மாற்றாதீர்கள். போல்ட்டை இறுக்கியதும், ஆர்மின் முன்முனையை விரல்களால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். வெளியே வர இடமே இருக்கக் கூடாது. நட்டின் நைலான் வளையத்தைத் தாண்டி போல்ட் நுனி ஓரிரு மரை வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த நைலான் எதையும் பிடித்திருக்கவில்லை. விரலாலேயே சுலபமாகச் சுற்றுகிற லாக் நட்டு தேய்ந்துபோனது, உபரியை எடுத்துப் போடுங்கள். கையால் திருகும் சிறகு நட்டு வைத்தால் வேகமாகக் கழற்றலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் வைக்க மாட்டேன். இறக்கத்தில் வரும் அதிர்வுக்கு அது நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இதில் இவ்வளவு அழுத்தம் கொடுக்க ஒரு காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வெறும் நட்டைப் போட்டு, அது போதும் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். பின்னால் இருந்த என் மனைவி, "ஏங்க, நிறுத்துங்க. கீழே டிக் டிக்னு ஏதோ அடிக்குது" என்றாள். எனக்குக் காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ரிம் பிரேக்கைப் பிடித்து நிறுத்திக் குனிந்து பார்த்தேன். நட்டு விழுந்துவிட்டது. போல்ட் பாதி வெளியே வந்து, ஆர்மின் நுனி கிளிப்பில் ஒரு நகக்கண் அளவுக்குத்தான் தொக்கிக்கொண்டிருந்தது. டிரம் பிரேக்கை அந்த நேரத்தில் இழுத்திருந்தால் ஆர்ம் கீழே விழுந்து, தட்டு சக்கரத்தோடு சுற்றி, கேபிளைச் சுருட்டி இழுத்திருக்கும். கேபிள் சுருண்டால் பிரேக் இன்னும் இறுகும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். அன்று அவள் காது கொடுத்துக் கேட்டதால் தப்பித்தோம்.

சரிபார்ப்பு

ரிம் பிரேக் கேபிளைத் திரும்ப மாட்டியாயிற்றா? இதை இரண்டு பேரும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு அட்ஜஸ்டர் திருகை எண்ணி வைத்த சுற்றுகளுக்கு வெளியே திருப்புங்கள். எண்ண மறந்திருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, ஷூ உரசும் "ஷ்ஷ்" என்ற சத்தம் தொடர்ந்து கேட்கும்வரை திருகி, அது நிற்கும்வரை திரும்பத் தளர்த்துங்கள். சுற்றில் ஒரே இடத்தில் மெல்ல உரசினால் பரவாயில்லை, தொடர்ந்து உரசினால் டிரம் சும்மாவே சூடாகும். பாதி பிடித்த நிலையில் கேபிளும் நெம்புகோலும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் இழுப்பு வலுவாக இருக்கும்.

அப்புறம் வண்டியில் ஏறாமல், நடந்தபடி தள்ளிக்கொண்டு போய் டிரம் பிரேக்கை மட்டும் இழுத்துப் பாருங்கள். ஒருவர் இழுக்க, மற்றவர் டார்க் ஆர்மைக் கவனிக்க வேண்டும். ஆர்ம் அசையாமல் வண்டி மட்டும் தயங்கி நின்றால் சரி. மூடித்தட்டு துளியாவது சுழன்றால் நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

வழியில் போல்ட் தொலைந்து, உபரியும் இல்லை என்றால் டிரம் பிரேக்கை அன்றைக்கு மறந்துவிடுங்கள். கேபிளை நெம்புகோலிலிருந்து முழுவதும் விடுவித்து, யாரும் தெரியாமல் இழுத்துவிடாதபடி மேலே லீவரையும் டேப் சுற்றி மூடுங்கள். ஆர்மைக் கீழ்க்குழாயோடு பட்டையான வாரால் பல சுற்றுகள் இறுக்கிக் கட்டுங்கள். வார் தாங்குவது பேரிங்கின் லேசான இழுப்பை மட்டும்தான், பிரேக்கின் விசையை அது தாங்காது. சமதளத்தில் மெதுவாக ஓட்டலாம், இறக்கம் வந்தால் இறங்கி நடங்கள்.

எல்லாம் சரியாக இருந்து கிளம்பிவிட்டால், முதல் இறக்கம் முடிந்த இடத்தில் ஒருமுறை நிறுத்துங்கள். டிரம் கொஞ்சம் ஆறட்டும். இரண்டு அச்சு நட்டிலும், டார்க் ஆர்ம் நட்டிலும் ஸ்பேனரை வைத்துப் பாருங்கள். புதிதாக உட்கார்ந்த வாஷர்கள் கொஞ்சம் அமுங்கியிருக்கும், கால் சுற்று இடம் கொடுக்கலாம். அதை இறுக்கிவிட்டு ஏறுங்கள்.